டூ வீல் செரோக்கி ஃபோர் வீல் ஆகும் விதம்: காயலான் கடை ஜீப்பிலிருந்து ஒரு முழு டிரைவ்லைன்

ஜீப் செரோக்கியின் எக்ஸ்ஜே தலைமுறை அமெரிக்காவில் 1984 முதல் 2001 வரை விற்பனையானது. பனி விழும் வட மாநிலங்களில் நான்கு சக்கரங்களும் இயங்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளையே பெரும்பாலும் வாங்கினார்கள். குளிர்காலத்தில் அங்கே சாலையில் கொட்டும் உப்பு வண்டியின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். எக்ஸ்ஜேக்குத் தனிச் சேஸி கிடையாது. அடித்தகடு, பக்கச் சட்டங்கள், மேல்கூடு எல்லாம் ஒன்றாக வெல்டு செய்யப்பட்ட யூனிபாடி. அதனால் சட்டம் துருவில் ஓட்டையானால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டியின் ஆயுள் முடிந்துவிடும். வறண்ட தெற்கு, மேற்கு மாநிலங்களில் ஓடிய, பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் டூ வீல் டிரைவ் வண்டிகளோ முப்பது வருடம் ஆகியும் அடியில் துருவில்லாமல் நிற்கின்றன. ஒரு பக்கம் உடல் போன ஃபோர் வீல், இன்னொரு பக்கம் உடல் நன்றாக இருக்கும் டூ வீல். முதலாவதன் டிரைவ்லைனை, அதாவது சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் பாகங்களை, இரண்டாவதில் மாட்டும் இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணம் இது ஒன்றுதான். பெறும் வண்டியின் உடல் அவ்வளவு நன்றாக இல்லையென்றால், அதை விற்றுவிட்டு ஃபோர் வீலாகவே ஒன்றை வாங்குவது செலவிலும் உழைப்பிலும் லாபம்.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இணை இது. பெறும் வண்டி 1995 செரோக்கி: 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஏடபிள்யூ4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்னால் டானா 35 ஆக்சில், ஏபிஎஸ் இல்லை, டூ வீல் டிரைவ். கொடுக்கும் வண்டி 1994 செரோக்கி: அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸின் ஃபோர் வீல் வடிவம், என்பி231 டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி), முன்னால் டானா 30 ஆக்சில். பின்பக்கம் மோதி நசுங்கிக் காயலான் கடைக்கு வந்த வண்டி. பின்னால் அடிபட்டதே நல்லது, முன் ஆக்சிலும் கியர்பாக்ஸும் அடிபடாமல் இருக்கும். முன்னால் மோதிய வண்டியின் ஆக்சிலை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தொடவேண்டாம்.

கியர்பாக்ஸின் வால்

ஃபோர் வீல் மாற்றம் என்றதும் பலர் முன் ஆக்சிலைத்தான் முதலில் வாங்கி வைக்கிறார்கள். எக்ஸ்ஜேயில் ஆக்சில்தான் சுலபமான வேலை. டூ வீல் வண்டியின் முன்னால் இருப்பது டிஃபரென்ஷியல் (ஷாஃப்டின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர் தொகுதி) இல்லாத வெறும் குழாய் ஆக்சில். அதைப் பிடித்திருக்கும் நான்கு கண்ட்ரோல் ஆர்ம்கள், சுருள் ஸ்பிரிங், டிராக் பார் எல்லாம் ஃபோர் வீலில் உள்ள அதே அமைப்பு. உடலில் அவை மாட்டும் இடங்களும் ஒன்றே. டானா 30 எந்த வெல்டிங்கும் இல்லாமல் அங்கே போய் உட்காரும்.

சிக்கல் கியர்பாக்ஸின் பின்முனையில் இருக்கிறது. டூ வீல் ஏடபிள்யூ4-இன் அவுட்புட் ஷாஃப்ட் நீளமானது. அதன் மேல் ஒரு வால் ஹவுசிங் மூடியிருக்கும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் வழுக்கு முனை நேரே அதற்குள் போகும். ஃபோர் வீல் வடிவத்தில் அவுட்புட் ஷாஃப்ட் வேறு. வால் ஹவுசிங்குக்குப் பதில் ஓர் அடாப்டர் இருக்கும், அதில் ஆறு ஸ்டட்களில் டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்காரும். வால் ஹவுசிங்கைக் கழற்றிவிட்டு அடாப்டரை மாட்டினால் போதும் என்று நினைப்பவர்கள், ஷாஃப்டை மாற்றக் கியர்பாக்ஸின் உள்ளுறுப்புகள் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும் என்பதை வேலைக்கு நடுவில்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்து அனுபவமில்லாத பட்டறையில் அந்த வழி வேண்டாம். கியர்பாக்ஸை முழுதாக மாற்றுவதே சரி. மேனுவல் ஏஎக்ஸ்15 கியர்பாக்ஸுக்கும் இதே நிலைதான்.

அதனால்தான் பாகம் பாகமாக வாங்காமல் ஒரே வண்டியிலிருந்து மொத்தமாக எடுப்பதை வலியுறுத்துகிறோம். ஏடபிள்யூ4-ஓடு வந்த டிரான்ஸ்ஃபர் கேஸின் இன்புட் ஸ்ப்ளைன் (ஷாஃப்டைப் பிடிக்கும் பல்வரிசை) 1990 வரை 21 பல், 1991 முதல் 23 பல். இன்புட் ஷாஃப்டின் நீளமும் வண்டிக்கு வண்டி மாறும். ஜீப் ரேங்லரிலிருந்து எடுத்த என்பி231 வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே பொருந்தாமல் போகலாம். ஒரே வண்டியின் கியர்பாக்ஸும் கேஸும் ஜோடியாக வந்தால் இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. மின் இணைப்புகளுக்கும் இதுவே பொருந்தும். 1991 முதல் 1995 வரையான வண்டிகளுக்குள் மாற்றிக்கொண்டால் கியர்பாக்ஸ் கணினி, ஒயரிங் சாக்கெட்டுகள் எதிலும் கைவைக்க வேண்டியதில்லை. 1997-இல் வண்டியின் உட்புறமும் ஒயரிங்கும் பெரிதாக மாறின. அந்தக் கோட்டைத் தாண்டி ஜோடி சேர்க்காமல் இருப்பது நல்லது.

கொடுக்கும் வண்டியிலிருந்து எடுக்க வேண்டியவை: டார்க் கன்வெர்ட்டரோடு கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டுகள், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் அதன் ரப்பர் மவுண்டும், டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரும் அதன் இணைப்புக் கம்பிகள், பிராக்கெட்டுகள் அனைத்தும், லீவரைச் சுற்றிய தகடும் ரப்பர் உறையும், முன் ஆக்சில் சக்கர ஹப் வரை முழுதாக, முன் சுருள் ஸ்பிரிங்குகள், கேஸில் உள்ள ஃபோர் வீல் விளக்கு சுவிட்ச் அதன் ஒயரோடு, ஸ்பீடோமீட்டர் கியரும் அதன் அடாப்டரும். கடையை விட்டு வெளியே வந்த பிறகு மறந்தது நினைவுக்கு வருவது பெரும்பாலும் லீவர் பிராக்கெட்டுதான். சிறிய இரும்புத் துண்டு, ஆனால் அது இல்லாமல் கேஸ் கியர் மாறாது. பின் ஷாஃப்டை விட்டுவிடாதீர்கள். டூ வீல் வண்டியின் பின் ஷாஃப்ட் நீளம் வேறு, பயன்படாது.

ரேஷியோ

முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே கிரௌன்–பினியன் விகிதத்தில் (கிரௌன் ஒரு சுற்று சுற்றப் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) இருக்க வேண்டும். இதில் சமாதானம் கிடையாது. பின்னால் 3.55, முன்னால் 3.73 என்று வைத்துக்கொள்வோம். ஃபோர் வீலில் இரண்டு ஷாஃப்டுகளும் ஒரே வேகத்தில் சுற்றும்படி கேஸ் பூட்டிவிடும். ஆனால் சக்கரங்கள் ஐந்து சதவீத வேறுபாட்டில் சுற்ற முயலும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏதோ ஒரு ஜோடி டயர் 50 மீட்டர் சறுக்கியாக வேண்டும். மணலில் அது சறுக்கிக்கொள்ளும். கெட்டித் தரையில் டயர் சறுக்க மறுத்தால் கேஸின் செயின் இழுபடும், யூ–ஜாயின்ட் உடையும்.

4.0 ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பொதுவாகக் கிடைப்பது 3.55. அதே எஞ்சின் மேனுவலில் 3.07, 2.5 லிட்டர் மேனுவலில் 4.10, டிரெய்லர் இழுக்கும் பேக்கேஜில் 3.73. டிஃபரென்ஷியல் மூடியின் போல்டில் விகிதம் பொறித்த சிறு தகடு தொங்கும். முப்பது வருடத்தில் யாராவது மூடியைத் திறந்து தகட்டைத் தொலைத்திருப்பார்கள், அல்லது உள்ளே கியரை மாற்றியிருப்பார்கள். ஆகவே எண்ணிப் பார்ப்பதே நிச்சயம். ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு பக்கத்தை 20 சுற்று சுற்றுங்கள். டிஃபரென்ஷியலால் கிரௌன் 10 சுற்றுதான் சுற்றும். பினியன் எத்தனை முறை சுற்றியது என்று சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணினால் 3.55-க்கு முப்பத்தைந்தரையும் 3.73-க்கு முப்பத்தேழுக்குச் சற்று மேலும் வரும். இரண்டே சுற்றில் எண்ணினால் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 3.54 என்றும் 3.55 என்றும் எழுதியிருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். 39-க்கு 11 பல் என்ற ஒரே ஜோடியை இரண்டு விதமாகச் சொல்வதுதான்.

விகிதம் பொருந்தவில்லையென்றால் டானா 30-க்குள் வேறு கிரௌன்–பினியன் போடுவதைவிட, கொடுக்கும் வண்டியின் பின் ஆக்சிலையும் சேர்த்து எடுத்துவிடுவதே மேல். கிரௌன் மாற்றுவதற்கு ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்துப் பினியன் ஆழம் சரிபார்க்க வேண்டும், பற்களுக்கு இடையிலான இடைவெளி 0.12 முதல் 0.20 மி.மீ.க்குள் வர வேண்டும், அழுத்தக் குறி பார்க்க வேண்டும். அதற்கான கூலியில் இன்னொரு ஆக்சில் வாங்கிவிடலாம். இன்னொரு ஆதாயமும் உண்டு. கொடுக்கும் வண்டியில் கிரைஸ்லர் 8.25 ஆக்சில் இருந்தால், டானா 35-ஐ விட அது பலமானது. அப்படி மாற்றும்போது பின் ஷாஃப்டும் அந்த வண்டியினுடையதாகவே இருக்க வேண்டும். இரண்டு ஆக்சில்களுக்கும் பினியன் நீளம் வேறு, ஷாஃப்ட் நீளமும் வேறு.

காயலான் கடையிலேயே பார்க்க வேண்டியவை

டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பாதியில் வட்டத் தகடு ஒன்று இருக்கும். 231 என்ற எண்ணும் 2.72 என்ற லோ ரேஞ்ச் விகிதமும் அதில் பொறித்திருக்கும். கேஸைக் கழற்றும் முன் லீவரை 2 ஹை, 4 ஹை, நியூட்ரல், 4 லோ ஆகிய நான்கு நிலைகளுக்கும் மாற்றி, பின் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். 4 ஹையில் முன் யோக் (முன் ஷாஃப்ட் மாட்டும் முனை) கூடவே சுற்ற வேண்டும். முன்னும் பின்னுமாக அசைத்தால் தொளதொளவென்று பெரிய இடைவெளி இருந்தால் செயின் நீண்டிருக்கிறது. வடிகால் பிளக்கைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். உள்ளே இருப்பது கியர் ஆயில் அல்ல, டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். சிவப்பு மங்கியிருந்தால் பரவாயில்லை. வெள்ளித்தூள் மினுமினுத்தால் விட்டுவிடுங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங்குகள் துருப்பிடித்திருக்கும்.

கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் போதும். கருகிய வாடை இருந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. மோதிய வண்டியின் எஞ்சின் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால், ரிவர்ஸும் டிரைவும் உடனே பிடிக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். அதைவிட நல்ல சோதனை வேறில்லை.

முன் ஆக்சிலில் கவனிக்க நிறைய இருக்கிறது. இரண்டு முனையிலும் குழாய் வாயருகே சேறும் ஆயிலும் கலந்து ஈரமாக இருந்தால் உள் சீல் போயிருக்கிறது. டானா 30-இல் இந்த சீல்கள் குழாய் முனையில் இல்லை, டிஃபரென்ஷியலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை மாற்ற டிஃபரென்ஷியலையே வெளியே எடுக்க வேண்டும். ஆக்சில் தரையில் கிடக்கும்போது செய்தால் ஒரு பொழுது வேலை, வண்டியில் மாட்டிய பிறகு அதைப்போல இரண்டு பங்கு. டிஃபரென்ஷியலை எடுக்கும்போது பேரிங் மூடிகள் இடது வலது மாறக்கூடாது, ஷிம்களும் அப்படியே. குறி போட்டுவிட்டு எடுங்கள். யூ–ஜாயின்டுகள் நான்கு திசையிலும் சிக்காமல் மடங்க வேண்டும். சிவப்புத் துருப்பொடி உதிர்ந்தால் புதிது போட்டுவிடுங்கள். 1995-இலிருந்து இந்த ஜாயின்ட் சற்றுப் பெரியதாக ஆனது, அதனால் 1994 ஆக்சிலுக்கு 1995 என்று சொல்லி வாங்கினால் பொருந்தாது. பால் ஜாயின்டுகளைச் சந்தேகம் இல்லாமல் மாற்றிவிடுங்கள். ஹவுசிங்கைச் சமதரையில் வைத்துக் குழாய் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள்.

1991 வரையான ஆக்சில்களில் வலது குழாயில் வாக்குவம் மூலம் ஷாஃப்டைத் துண்டிக்கும் ஓர் அமைப்பு இருந்தது. வாக்குவம் குழாய் விரிசல் விட்டால் ஃபோர் வீல் பிடிக்காது. 1992 முதல் அது இல்லை, வலது ஷாஃப்ட் ஒரே துண்டு. அதைத் தேடி எடுங்கள். 1999 வரையான டானா 30-இல் பினியன் மேலே இருக்கும், 2000, 2001 வண்டிகளில் கீழே. மேலே இருப்பதே விரும்பத்தக்கது. முன் ஷாஃப்டின் சாய்வு குறையும், பல்லும் முன்சக்கரத்துக்கு ஏற்ற திசையில் வெட்டப்பட்டது.

முதல் கட்டம்: கியர்பாக்ஸ்

இரண்டு கட்டமாகச் செய்வதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது. முதலில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் மட்டும். முன் யோக்கை வெறுமனே விட்டு, கேஸை 2 ஹையில் வைத்துப் பின் ஷாஃப்டை மாட்டினால் வண்டி பழையபடி ஓடும். ஒரு மாதம் அப்படி ஓட்டிப் பாருங்கள். கியர்பாக்ஸில் குறை இருந்தால் அது தனியாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டிவிட்டு அதிர்வு வந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

பேட்டரியைத் துண்டித்து, ஆயிலை வடித்து, ஷாஃப்டைக் கழற்றுங்கள். குறுக்குச் சட்டத்தின் போல்டுகளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அவை உடலின் பெட்டிச் சட்டத்துக்குள் வெல்டு செய்த நட்டுகளில் போகின்றன. நட்டு உள்ளே பிய்ந்து சுற்ற ஆரம்பித்தால் சட்டத்தைத் துளைத்துத்தான் பிடிக்க முடியும். எஞ்சினின் பின்முனைக்கு மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸை நகர்த்தும் முன் கிராங்க் சென்சாரைக் கழற்றிவிட வேண்டும். பெல் ஹவுசிங்கின் இடது மேல்புறத்தில் இருக்கிறது. கைக்கு எட்டாத இடம், ஆனால் விட்டுவிட்டால் கியர்பாக்ஸ் இறங்கும்போது நசுங்கும். பிறகு எஞ்சின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. பெல் ஹவுசிங்கின் மேல் போல்டுகள் இரண்டும் வெளி டார்க்ஸ் வகை, ஈ12 சாக்கெட் வேண்டும். பின்முனையைக் கொஞ்சம் இறக்கி, நீள எக்ஸ்டென்ஷனைக் கியர்பாக்ஸின் மேலாகப் பின்னாலிருந்து விட்டால் நேராகப் போய்ப் பிடிக்கும். ஆறங்குல எக்ஸ்டென்ஷனோடு முன்பக்கத்திலிருந்து முயல்வதுதான் தலை மழுங்கக் காரணம். ஸ்டார்ட்டர், கன்வெர்ட்டரின் நான்கு போல்டுகள், கூலர் குழாய்கள், த்ராட்டில் வால்வ் கேபிள், கியர் லீவர் இணைப்பு, சாக்கெட்டுகள் எல்லாம் கழன்ற பிறகு டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் சங்கிலி போட்டு இறக்குங்கள்.

ஏற்றும்போது பெருந்தவறு நேர்வது டார்க் கன்வெர்ட்டரில். பம்பின் பல்லில் அது முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். கையால் சுற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக ‘டொக்’ என்று உள்ளே இறங்கும். பெல் ஹவுசிங் எஞ்சினோடு கையழுத்தத்திலேயே ஒட்ட வேண்டும். போல்டை முறுக்கி இழுத்து ஒட்டவைத்தால் கன்வெர்ட்டர் பம்பை நசுக்கும். அந்தக் கியர்பாக்ஸ் முதல் நாளிலேயே செத்துவிடும். ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் தன்னிச்சையாகச் சுற்ற வேண்டும், பிளெக்ஸ் பிளேட்டுக்கு அதை இழுத்து வர வேண்டியிருக்க வேண்டும். சுற்றவில்லை என்றால் மறுபடி இறக்குங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸைக் கியர்பாக்ஸோடு சேர்த்து ஏற்றாமல் தனியே ஏற்றுவது கைக்கு இதம். அடாப்டரில் உள்ள பழைய சீலை இப்போதே மாற்றிவிடுங்கள், பிறகு எட்டாது. ஆறு நட்டுகளுக்கும் 35 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினிய ஹவுசிங் அது. ஏடபிள்யூ4-க்குக் கன்வெர்ட்டர் உட்பட சுமார் 8 லிட்டர் டெக்ஸ்ரான், என்பி231-க்கு சுமார் ஒரு லிட்டர் அதே ஆயில். புதிய கிரைஸ்லர் வண்டிகளுக்கான ஏடிஎஃப் ப்ளஸ் 4 இந்தக் கியர்பாக்ஸுக்கு உரியது அல்ல. கூலர் குழாய்களைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் இணைத்தால், பழைய கியர்பாக்ஸின் கசடு புதியதற்குள் போகும்.

த்ராட்டில் வால்வ் கேபிளைச் சரிசெய்ய மறக்கக்கூடாது. பட்டனை அழுத்திக் கேபிள் உறையை முழுதாக உள்ளே தள்ளி, பட்டனை விட்டு, த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் அது தானே படிப்படியாக நகர்ந்து நிற்கும். இதைச் செய்யாமல் ஓட்டினால் உள்ளே ஆயில் அழுத்தம் குறைந்து, கியர் வழுக்கி மாறி, தகடுகள் எரியும்.

லீவருக்கான இடத்தை வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துத் தரைத்தகட்டில் திறப்பு இல்லையென்றால், கொடுக்கும் வண்டியின் தகட்டை அச்சாக வைத்துக் குறித்து வெட்டி, விளிம்புக்குப் பெயிண்ட் அடித்து ரப்பர் உறையைப் போடுங்கள். லீவரின் சரிப்படுத்தல் 4 லோவில் வைத்துச் செய்ய வேண்டியது. இணைப்புக் கம்பியின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, உள்ளே லீவரும் கேஸும் 4 லோவில் இருக்கும்போது கம்பி தடையில்லாமல் வழுக்குகிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். 4 லோவிலிருந்து தானே நியூட்ரலுக்குத் துள்ளிவிடுகிறது என்ற குறைக்குப் பெரும்பாலும் இந்தக் கம்பிதான் காரணம். கம்பி சரியாக இருந்தும் துள்ளினால், கேஸுக்குள் ஃபோர்க்கின் பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்திருக்கும்.

ஸ்பீடோமீட்டர் கியரை முன்பிருந்த டயர் அளவுக்கும் விகிதத்துக்கும் ஏற்றபடி பற்களை எண்ணிப் போடுங்கள். அடாப்டர் வட்டமாக இருந்தாலும் மையம் விலகியது. அதன் விளிம்பில் 26–31, 32–38, 39–45 என்று குறிகள் இருக்கும். உங்கள் கியரின் பல் எண்ணிக்கை எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தக் குறி கீழ்நோக்கி இருக்க வேண்டும். தப்பான குறியில் பூட்டினால் சின்ன பிளாஸ்டிக் கியர் சீக்கிரமே மொட்டையாகும்.

இரண்டாம் கட்டம்: முன் ஆக்சில்

வண்டியை உடல் சட்டத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பிரேக் காலிப்பரை நக்கிளிலிருந்து கழற்றி ஸ்பிரிங் இருக்கையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் பிரேக் ஆயில் குழாயைத் திறக்கவே வேண்டாம். குழாயில் எடை விழக்கூடாது. ஸ்டியரிங் கம்பிகளை இரண்டு நக்கிள்களிலும் மட்டும் விடுவித்து, டேம்பரின் ஆக்சில் முனையைக் கழற்றினால், மொத்த அமைப்பும் பிட்மேன் கையில் தொங்கிக்கொண்டு நிற்கும். ஸ்வே பார் லிங்க், ஷாக் அப்சார்பர், டிராக் பாரின் ஆக்சில் முனை, நான்கு கண்ட்ரோல் ஆர்ம்கள். ஆக்சிலை ஜாக்கியில் இறக்கியதும் ஸ்பிரிங் தானே வெளிவரும். ஸ்பிரிங் அடியில் ஒரு சிறு கிளிப் பிடித்திருக்கும், அதை முதலில் எடுக்காவிட்டால் ஸ்பிரிங் வராது.

டானா 30-இல் இடது மேல் கண்ட்ரோல் ஆர்மின் புஷ், வார்ப்பு ஹவுசிங்கிலேயே அழுத்தி உட்கார்ந்திருக்கிறது. கொடுக்கும் வண்டி வடக்கிலிருந்து வந்ததென்றால் அந்த போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருவில் ஒட்டியிருக்கும். நெருப்பு காட்டினால் ரப்பர் எரியும். எப்படியும் புஷ் புதியது போட வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு வெட்டி எடுப்பதே வழி.

புது ஆக்சிலை ஏற்றும்போது கண்ட்ரோல் ஆர்ம் போல்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் வைத்திருங்கள். சக்கரம் மாட்டி, வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகே இறுதி முறுக்கு: கீழ் ஆர்ம் ஆக்சில் முனை 115, உடல் முனை 176, மேல் ஆர்ம் ஆக்சில் முனை 75, உடல் முனை 90 நியூட்டன் மீட்டர். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையில் பூட்டிக்கொண்டு, வண்டி உயர்ந்து நிற்கும், புஷ் சீக்கிரம் கிழியும். ஹப் நட் 36 மி.மீ., 237 நியூட்டன் மீட்டர், காட்டர் பின் கட்டாயம். அந்த நட்டின் இறுக்கம்தான் ஹப் பேரிங்கைச் சேர்த்துப் பிடிக்கிறது. நட் தளர்வாக இருக்கும்போது வண்டியை நகர்த்தினால் பேரிங் கெடும்.

டூ வீல் ஸ்பிரிங்குகளைத் திரும்பப் பயன்படுத்தினால், டிஃபரென்ஷியலின் எடை கூடியதால் முன்பக்கம் தாழ்ந்துவிடும். அதனால்தான் ஸ்பிரிங்கும் எடுக்கச் சொன்னோம். ஆக்சிலுக்குள் ஒன்றரை லிட்டர் அளவு ஜிஎல்–5 கியர் ஆயில். பினியன் யோக்கில் யூ–ஜாயின்டைப் பிடிக்கும் பட்டைகள் ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டியவை. புதியது வாங்கி 19 நியூட்டன் மீட்டர் மட்டும் இறுக்குங்கள், அதற்கு மேல் போனால் பட்டை நீளும். ஷாஃப்டை மாட்டியதும், ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு ஒருமுறை, முழுதாக மேலே ஏற்றி ஒருமுறை, எக்ஸாஸ்ட் குழாயில் உரசுகிறதா என்று பாருங்கள்.

அலைன்மென்ட் பட்டறையில் டோவை (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டரையும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கேளுங்கள், சுமார் 7 டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் ஸ்டியரிங் நெடுஞ்சாலையில் அலையும்.

ஓட்டத் தொடங்கிய பிறகு வருபவை

நெடுஞ்சாலையில் 80, 90 கிலோமீட்டரில் அதிர்வு: முதல் சந்தேகம் முன் ஷாஃப்டின் மேல்முனையில் உள்ள இரட்டை ஜாயின்ட். 1992-க்குப் பிந்தைய ஆக்சிலில் துண்டிப்பும் இல்லை, ஹப்பில் பூட்டும் இல்லை. ஆக 2 ஹையில் ஓடும்போதும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். இரட்டை ஜாயின்டின் நடுக்குமிழ் கிரீஸ் இல்லாமல் காய்ந்து தேய்வது வழக்கம். முன் ஷாஃப்டைக் கழற்றி 2 ஹையில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அதிர்வு போய்விட்டால் அதுதான்.

ஒரு குழியில் இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் பேயாட்டம் ஆடினால் டயர் பேலன்ஸைக் குறைசொல்லிக் காலம் கடத்தாதீர்கள். டிராக் பாரின் ஆக்சில் முனைத் துளை நீள்வட்டமாகியிருக்கும், அல்லது அதன் உடல் முனை ஜாயின்ட் தேய்ந்திருக்கும். எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

ஃபோர் வீல் பிடிக்கிறதா என்ற சோதனையைச் சரளைத் தரையில் செய்யுங்கள், தார்ச்சாலையில் அல்ல. 4 ஹையில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக நகர்ந்தால் முன்சக்கரம் சரளையைத் தள்ளி இறுகி வருவது கையில் தெரியும். என்பி231-இல் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது, அதனால் இது இயல்பு. 4 லோவுக்கு வண்டி ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும், கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்க வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் உள்ளவையாக இருக்கட்டும். ரேஷியோவில் எவ்வளவு கவனமாக இருந்தீர்களோ, இரண்டு புது டயரும் இரண்டு மொட்டை டயரும் போட்டு அதைக் கெடுத்துவிடக்கூடாது.

இதே வேலையை இந்தியாவில் வேறொரு வண்டியில் செய்ய நினைப்பவர்களுக்குச் சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது, இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். பாகம் வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவதே முதல் படி.

செரோக்கிக்கு வருவோம். அதன் அடையாள எண்ணில் ஐந்தாவது எழுத்து டூ வீலுக்கு டி (T), ஃபோர் வீலுக்கு ஜே (J). மாற்றம் முடிந்த வண்டியின் எண்ணைக் கொடுத்து உதிரிபாகம் கேட்டால் கடைக் கணினி டூ வீல் பாகத்தையே காட்டும். யூ–ஜாயின்ட், கியர்பாக்ஸ் சீல், குறுக்குச் சட்ட மவுண்ட், எக்ஸாஸ்ட் குழாய் எல்லாமே தப்பாக வரும். அதனால் கொடுக்கும் வண்டியின் அடையாள எண்ணைக் காயலான் கடையிலேயே படம் எடுத்து, கேஸின் தகட்டு எண், இரு ஆக்சில்களின் விகிதம், ஜாயின்ட் அளவு ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி கையுறைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்த மெக்கானிக்குக்கும், வண்டியை அடுத்து வாங்குபவருக்கும் அந்தத் தாள் வேண்டும்.